ஸ்லோவாக்கியாவை எட்டு மண்டலங்களாகப் படிப்பதா, பள்ளத்தாக்குகளாகப் படிப்பதா?

யாழிசை

அனைவருக்கும் வணக்கம். ஸ்லோவாக்கியாவின் நிலவியலைப் பற்றித் தமிழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதிவருகிறேன். அதன் பகுப்பு முறையிலேயே எனக்கு ஒரு சிக்கல் எழுந்துள்ளது. அரசின் கணக்குப்படி நாட்டில் பிராத்திஸ்லாவா, திர்னாவா, திரென்சீன், நித்ரா, ஜிலினா, பான்ஸ்கா பிஸ்திரித்சா, பிரெஷோவ், கோஷிட்சே என்று எட்டு மண்டலங்களும், அவற்றின் கீழ் 79 மாவட்டங்களும் உள்ளன. ஆனால் அந்நாட்டினர் எழுதுவதைப் படித்தால் தங்கள் ஊர் எந்த மண்டலத்தில் உள்ளது என்று அவர்கள் சொல்வது அரிதாகவே இருக்கிறது. ஓராவா, லிப்தோவ், துரியெத்ஸ், ஸ்பிஷ், ஷாரிஷ், கெமெர், செம்ப்ளீன் என்றுதான் எழுதுகிறார்கள். இந்த வட்டாரங்களுக்கு இன்று எந்த அலுவலகமும் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை. 49,000 சதுர கிலோமீட்டர் பரப்பும் ஏறத்தாழ 54 இலட்சம் மக்களும் கொண்ட ஒரு சிறிய நாட்டில் இத்தனை வட்டாரங்கள் எப்படி நிலைத்தன, கட்டுரையை எந்தப் பகுப்பின்படி அமைப்பது பொருத்தமாக இருக்கும் என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

நிலவரையன்

வணக்கம், யாழிசை. மண்டலங்களை ஓர் அட்டவணையில் போட்டுவிட்டு, கட்டுரையை ஆறுகளின்படியே அமையுங்கள் என்பது என் பரிந்துரை. நாட்டின் வடக்கும் நடுப்பகுதியும் மேற்குக் கார்பாத்தியன் மலைத்தொடர்களால் நிறைந்தவை. இத்தொடர்கள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கின்றன. அவற்றுக்கிடையே மலை சூழ்ந்த தாழ்நிலங்கள் உள்ளன. ஒவ்வொரு தாழ்நிலத்திலும் ஓர் ஆறு ஓடுகிறது, அந்த ஆறு மலையை அறுத்துக்கொண்டு வெளியேறும் இடத்தில் ஒரு குறுகிய கணவாய் இருக்கிறது. வாஹ் ஆற்றின் மேல்பகுதித் தாழ்நிலம் லிப்தோவ். அதில் வந்து கலக்கும் ஓராவா ஆற்றின் நிலம் ஓராவா. துரியெத்ஸ் ஆற்றின் நிலம் துரியெத்ஸ். பழைய ஹங்கேரி இராச்சியத்தின் மாவட்ட ஆட்சிகள் பல நூற்றாண்டுகள் இந்தத் தாழ்நிலங்களை ஒட்டியே அமைந்திருந்தன. பனிக்காலத்தில் கணவாயைக் கடப்பது எளிதாக இல்லாத காலத்தில், திருமணமும் சந்தையும் வழக்கும் அந்த எல்லைக்குள்ளேயே நடந்தன. பேச்சுவழக்குகள் தனித்தனியாக வளர்ந்ததற்கும் இதுவே காரணம்.

இரண்டு இடங்களைக் கட்டுரையில் தவறாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, தாழ் தத்ரா மலைத்தொடரின் கிழக்குக் கோடியில் நிற்கும் கிராலோவா ஹோலா. 1,946 மீட்டர் உயரமுள்ள இந்த மலையைச் சுற்றியே ஹ்ரோன், ஹோர்னாத், ஹ்னிலெத்ஸ், கறுப்பு வாஹ் ஆகிய ஆறுகள் பிறந்து வெவ்வேறு திசைகளில் பிரிகின்றன. உயர் தத்ராவின் கெர்லாக் சிகரம் 2,655 மீட்டருடன் நாட்டிலேயே உயர்ந்தது என்றாலும், நீரோட்டத்தைப் புரிந்துகொள்ள கிராலோவா ஹோலாவே அதிகம் உதவும். மற்றொன்று, ஷ்திர்பா என்னும் சிற்றூர். அங்கே மேற்கில் விழும் மழைநீர் வாஹ் வழியாக டான்யூப் ஆற்றில் சேர்ந்து கருங்கடலுக்குப் போகிறது. கிழக்கில் விழுவது போப்ராத் ஆற்றின் வழியாகப் போலந்துக்குள் புகுந்து, விஸ்துலாவில் கலந்து பால்டிக் கடலை அடைகிறது. கடற்கரையே இல்லாத நாடு இரு கடல்களுக்கு நீர் அனுப்புகிறது. பால்டிக் பக்கம் சாய்ந்துள்ள நிலம் மொத்தப் பரப்பில் ஏறத்தாழ 4 விழுக்காடுதான்.

தண்டவாளன்

நிலவரையன் ஐயா சொன்ன தாழ்நிலங்களோடு, அவை எந்தத் திசையில் திறந்திருந்தன என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இன்றைய ஸ்லோவாக்கியா விளங்கும். ஹ்ரோன், இபெல், ஸ்லனா, ஹோர்னாத் ஆகிய ஆறுகள் இறுதியில் தெற்கு நோக்கியே இறங்குகின்றன. ஹங்கேரி இராச்சியத்தின் காலத்தில் மரமும் இரும்பும் அதே வழியில் தெற்குச் சமவெளிக்குப் போயின, தானியமும் மதுவும் அங்கிருந்து வந்தன. 19-ஆம் நூற்றாண்டில் போடப்பட்ட இரயில் பாதைகளும் பெரும்பாலும் புடாபெஸ்டை நோக்கியே இழுக்கப்பட்டன. கிழக்கையும் மேற்கையும் வடக்கில் இணைத்த பெரிய பாதை ஒன்றே ஒன்றுதான். அது 1872-இல் முழுமையடைந்த கோஷிட்சே–போகுமின் பாதை. சிலேசியாவின் நிலக்கரியையும் ஸ்பிஷ், கெமெர் பகுதிகளின் இரும்புத்தாதுவையும் ஒன்றுசேர்ப்பது அதன் முதன்மையான பணிகளுள் ஒன்று. ஷ்திர்பா அருகே அது ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் ஏறிக் கடக்கிறது.

1918-இல் செக்கோஸ்லோவாக்கியா உருவானபோது இந்த அமைப்பு தலைகீழானது. புதிய எல்லை தெற்கே குறுக்காக வரையப்பட்டதால், அதுவரை வாசலாக இருந்த திசை சுவராக மாறியது. தலைநகரம் பிராகா மேற்கே வெகு தொலைவில் இருந்தது. பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டுமானால் பல இடங்களில் தெற்கே இறங்கி, எல்லையை ஒட்டிச் சுற்றி, மீண்டும் வடக்கே ஏற வேண்டும். எனவே புதிய அரசு மலைகளைக் குடைந்து குறுக்குப் பாதைகளைப் போடத் தொடங்கியது. ஹந்த்லோவா–ஹோர்னா ஷ்துப்னியா பாதை 1931-இலும், செர்வெனா ஸ்காலா–மார்கெத்சனி பாதை 1936-இலும் முடிந்தன. இரண்டாவது பாதை தெல்கார்த் என்னும் ஊரருகே உயரத்தை எட்டுவதற்காகச் சுரங்கமும் வளைவான பாலமுமாகத் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு ஏறுகிறது. இன்று சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் அந்த வளைவு, ஹ்ரோன் பள்ளத்தாக்கையும் ஹ்னிலெத்ஸ் பள்ளத்தாக்கையும் ஒரே நாடாக ஆக்க வேண்டிய கட்டாயத்தில் பிறந்தது.

1938 நவம்பரில் முதல் வியன்னா தீர்ப்பின்படி கோஷிட்சேயும் தெற்கு விளிம்பும் ஹங்கேரிக்குக் கொடுக்கப்பட்டபோது, கிழக்குச் செம்ப்ளீனுக்குப் போகும் இரயில் வழி துண்டிக்கப்பட்டது. அதற்கு மாற்றாகவே பிரெஷோவ்–ஸ்த்ராஷ்ஸ்கே பாதை போடப்பட்டு 1943-இல் திறக்கப்பட்டது. எனவே ஆறுகளின்படி எழுதுவதானால், அந்த ஆறுகளுக்குக் குறுக்காக மனிதர் போட்ட பாதைகளுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்குங்கள்.

யாழிசை

இருவருக்கும் நன்றி. தண்டவாளன் சொன்னதைப் படித்தபின் வேறொரு கேள்வி எழுகிறது. நாட்டை இணைப்பது இவ்வளவு கடினமாக இருந்தபோது, தலைநகரை ஏன் தென்மேற்கு மூலையில், இரு எல்லைகள் முட்டும் இடத்தில் வைத்தார்கள்? நடுவில் பான்ஸ்கா பிஸ்திரித்சாவோ மார்தினோ இருக்கின்றனவே.

கதிரவன்

நான் பணியின் பொருட்டுப் பிராத்திஸ்லாவாவில் வசிக்கிறேன். ஆகவே என் நகரத்துக்காக நானே வாதாடுகிறேன்.

மார்தினுக்கு உரிமை இருந்தது உண்மைதான். ஸ்லோவாக்கிய மொழிக்கும் பண்பாட்டுக்குமான அமைப்பான மாதித்சா ஸ்லோவென்ஸ்கா 1863-இல் அங்கேதான் நிறுவப்பட்டது. 1918 அக்டோபர் 30-இல் செக் மக்களோடு ஒரே நாடாக இணைவதற்கான அறிவிப்பும் அங்கேதான் வெளியானது. ஆனால் அது ஒரு சிறிய ஊர். 1918 இறுதியில் ஸ்லோவாக்கியாவுக்கான நிர்வாகம் முதலில் ஜிலினாவில் அமர்ந்தது, 1919 பிப்ரவரியில் பிராத்திஸ்லாவாவுக்கு இடம்பெயர்ந்தது. அப்போது இந்நகரில் ஜெர்மானியரும் ஹங்கேரியருமே பெரும்பான்மையினர், ஸ்லோவாக்கியர் சிறுபான்மையினர். அப்படியிருந்தும் இதைத் தேர்ந்ததற்கு முதற்காரணம் டான்யூப். கடலற்ற புதிய நாட்டுக்குப் பெரிய கப்பல்கள் வந்து நிற்கக்கூடிய ஆற்றுத் துறைமுகம் இன்றியமையாததாக இருந்தது. இன்றும் இங்கிருந்து ஒரு சரக்குப் படகு கருங்கடலுக்கும் போகலாம். 1992-இல் ரைன்–மைன்–டான்யூப் கால்வாய் முழுமையடைந்த பின் வடகடலுக்கும் போகலாம். தவிர, இது புதிதாக முளைத்த தலைநகரும் அன்று. துருக்கியர் புடாவைப் பிடித்த காலத்தில் ஹங்கேரி இராச்சியத்தின் தலைநகராக விளங்கி, 1563 முதல் 1830 வரை அதன் முடிசூட்டு நகரமாகவும் இருந்தது.

மூலையில் இருப்பதன் விளைவுகளை இங்கே நாள்தோறும் காணலாம். இரு அயல்நாடுகளை நேரடியாகத் தொடும் தலைநகரம் உலகில் வேறில்லை. வியன்னா ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் இருக்கிறது, கோஷிட்சேயோ சாலை வழியாக 400 கிலோமீட்டரில். 2007 இறுதியில் ஷெங்கன் எல்லைக் கட்டுப்பாடுகள் நீங்கிய பின், வீட்டு விலை தாங்காத பலர் ஆஸ்திரியாவின் ஹைன்பூர்க், கிட்சே, ஹங்கேரியின் ராய்கா போன்ற ஊர்களில் குடியேறி, அன்றாடம் எல்லை தாண்டி வேலைக்கு வருகிறார்கள். ஆற்றின் தென்கரையில் இருக்கும் பெத்ர்ஜல்கா இன்று நூறாயிரம் பேர் வாழும் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஆனால் 1938 முதல் 1945 வரை அந்தக் கரை ஜெர்மனியின் பகுதியாக இருந்தது என்பதை இங்கு குடிவந்த பிறகே அறிந்தேன். இவ்வளவு ஒட்டிக் கிடக்கும் எல்லையோரத்தில் தலைநகரை வைப்பது நிலவியல் நோக்கில் விவேகமா என்று கேட்டால், விவேகமில்லை, ஆனால் அன்று வேறு வழியுமில்லை என்பேன்.

கயல்விழி

ஆற்றுக்கு ஒரு வட்டாரம் என்ற கணக்கு ஓராவாவுக்கும் லிப்தோவுக்கும் நன்றாகப் பொருந்துகிறது, ஸ்பிஷ் பகுதிக்கு வந்தவுடன் உடைந்துவிடுகிறது என்று நினைக்கிறேன். ஸ்பிஷ் என்று சொல்லப்படும் நிலம் போப்ராத் ஆற்றின் பக்கமும் ஹோர்னாத் ஆற்றின் பக்கமும் பரவியிருக்கிறது. ஆகவே நிலவரையன் குறிப்பிட்ட பால்டிக்–கருங்கடல் நீர்ப்பிரிகோடு அதன் நடுவிலேயே ஓடுகிறது. அந்த வட்டாரத்தை ஒன்றாக்கியவை ஆறுகள் அல்ல, நகரங்களும் அவற்றின் சட்டங்களுமே.

1241–42 மங்கோலியப் படையெடுப்பில் அழிந்த நிலத்தில் ஜெர்மானியக் குடியேறிகள் வந்து அமர்ந்தார்கள். 1271-இல் அரசர் வழங்கிய உரிமைப் பட்டயத்தின் கீழ் அவர்களின் ஊர்கள் தங்களுக்குள் ஒரு கூட்டமைப்பாக இயங்கின. லெவோச்சா, கெஜ்மரோக் ஆகிய இரண்டும் அரச நகரங்களாகி, வணிக உரிமைக்காகத் தங்களுக்குள் நூறாண்டுக்கும் மேலாகப் பகை பாராட்டின. 1412-இல் ஹங்கேரி அரசர் சிகிஸ்முந்து போருக்குப் பணம் தேடி, பிராகா குரோஷன் என்னும் வெள்ளி நாணயங்களில், அறுபது நாணயம் ஓர் அலகாக, 37,000 அலகுகளுக்குப் போப்ராத், ஸ்பிஷ்ஸ்கா நோவா வெஸ், ஸ்பிஷ்ஸ்கா பெலா உள்ளிட்ட 13 நகரங்களையும், அவற்றோடு ஸ்தாரா லுபோவ்னியா பகுதியையும் போலந்து அரசரிடம் அடகு வைத்தார். அடகு 360 ஆண்டுகள் மீட்கப்படாமல் கிடந்தது. போலந்து பிரிக்கப்பட்ட 1772-இல்தான் அந்நகரங்கள் திரும்பின. அக்காலம் முழுதும் ஒரே சாலையில் அடுத்தடுத்து இருந்த ஊர்களில் ஒன்று போலந்துக்கும் மற்றொன்று ஹங்கேரிக்கும் வரி கட்டியது. லெவோச்சாவும் கெஜ்மரோக்கும் அடகில் சேராததால், பழைய கூட்டமைப்பு அத்தோடு சிதைந்தது.

லெவோச்சாவின் பிற்காலக் கதையில் தண்டவாளன் கூறியதற்கும் ஒரு சான்று உண்டு. 1872-இல் வந்த பெரும் பாதை லெவோச்சாவைத் தொடாமல் ஸ்பிஷ்ஸ்கா நோவா வெஸ் வழியே போய்விட்டது. கிளைப் பாதை பின்னர் வந்தது, தொழிற்சாலைகள் வரவில்லை. அதன் விளைவாக மதில்களும், சந்தைச் சதுக்கமும், தூய யாக்கோபு ஆலயத்தில் லெவோச்சாவின் சிற்பி பாவோல் செதுக்கிய 18.6 மீட்டர் உயர மரப் பலிபீடமும் அப்படியே நின்றன. 1993-இல் ஸ்பிஷ் கோட்டையும் அதன் சுற்றுப்புறமும் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன, 2009-இல் லெவோச்சாவும் அதில் சேர்க்கப்பட்டது. இவ்வளவு தனித்த வரலாறு கொண்ட ஸ்பிஷ் இன்று இரண்டாக வெட்டுண்டு கிடக்கிறது. லெவோச்சா, போப்ராத், கெஜ்மரோக் ஆகியவை பிரெஷோவ் மண்டலத்தில், ஸ்பிஷ்ஸ்கா நோவா வெஸ், கெல்னித்சா ஆகியவை கோஷிட்சே மண்டலத்தில். மண்டலப் பெயரை மக்கள் ஏன் சொல்வதில்லை என்று யாழிசை கேட்டதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

நிலவரையன்

ஸ்பிஷ் பற்றிக் கயல்விழி அம்மையார் எழுதியதை ஏற்கிறேன். அவருடைய வாதத்துக்கு வலுச்சேர்க்கும் இன்னொரு பகுதியும் உண்டு, அது நடுவிலுள்ள சுரங்க நகரங்கள். பொன்னுக்குக் கிரெம்னித்சா, வெள்ளிக்கு பான்ஸ்கா ஷ்தியாவ்னித்சா, செம்புக்கு பான்ஸ்கா பிஸ்திரித்சா என்று அந்நாட்டினர் சேர்த்தே சொல்வார்கள். கிரெம்னித்சாவின் நாணயச்சாலை 1328-இல் தொடங்கப்பட்டது. ஸ்லோவாக்கியா 2009-இல் யூரோவுக்கு மாறியபோது அதன் காசுகளும் அங்கேயே அச்சிடப்பட்டன.

ஷ்தியாவ்னித்சாவின் நிலவியல் எனக்கு மிகவும் பிடித்தது. அது ஒரு பழைய எரிமலையின் குழிந்த வயிற்றில் அமைந்திருக்கிறது. வெள்ளிக் கொடிகள் அந்த எரிமலையின் கொடை. ஆனால் பெரிய ஆறு எதுவும் அருகில் இல்லை. சுரங்கம் ஆழமாக ஆக உள்ளே நீர் ஊறியது. அதை இறைக்கும் சக்கரங்களைச் சுழற்றவோ மேலே நீர் இல்லை. பாறையை உடைக்க 1627-இல் வெடிமருந்தைப் பயன்படுத்தி வழிகாட்டிய இந்த ஊரே 18-ஆம் நூற்றாண்டில் இதற்கும் விடை கண்டது. மலைச்சரிவுகளில் நெடிய வாய்க்கால்களை வெட்டி மழைநீரைச் சேர்த்து, ஏறத்தாழ அறுபது ஏரிகளில் தேக்கினார்கள். தைஹி என்று அழைக்கப்படும் அவ்வேரிகளின் பெரும்பகுதி சாமுவேல் மிகோவீனியின் திட்டமிடலில் உருவானது. தேக்கிய நீரின் அழுத்தத்தால் இயங்கும் இறைப்பு இயந்திரத்தை யோசெப் கரோல் ஹெல் 1749-இல் அமைத்தார். 1762-இல் அங்கே சுரங்கவியல் உயர்கல்வி தொடங்கப்பட்டது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இராச்சியத்தின் மிகப் பெரிய நகரங்களுள் ஒன்றாக இருந்த அவ்வூரில் இன்று பத்தாயிரம் பேர் அளவிலேயே வாழ்கிறார்கள். எஞ்சிய ஏரிகளில் கோடையில் மக்கள் நீந்துகிறார்கள்.

ஆனாலும் யாழிசைக்கு ஒன்றைச் சொல்வேன். ஸ்பிஷ் பகுதியும் சுரங்க நகரங்களும் விதிவிலக்குகளே. அவற்றை வைத்து ஆற்றுப் பகுப்பைக் கைவிட வேண்டாம்.

பொன்னி

தெற்கைப் பற்றி யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். டான்யூப் ஆறும் அதிலிருந்து பிரிந்து மீண்டும் சேரும் சிறு டான்யூப் ஆறும் சூழ்ந்த ஜித்னி தீவு நாட்டின் மிக வளமான நிலம். அதன் கீழே மிகப் பெரிய குடிநீர் இருப்பு உள்ளது. அங்கும், எல்லையோரமாகக் கிழக்கு வரை நீளும் விளிம்பிலும் ஹங்கேரியர் செறிந்து வாழ்கிறார்கள். 2021 கணக்கெடுப்பில் அவர்கள் மக்கள்தொகையில் 8 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. கொமார்னோ நகரம் ஒரு காலத்தில் ஆற்றின் இரு கரைகளிலும் ஒரே நகரமாக இருந்தது. 1920-இன் ட்ரியனான் உடன்படிக்கைக்குப் பின் வடகரை கொமார்னோ என்றும் தென்கரை கொமாரோம் என்றும் இரு நாடுகளில் நிற்கின்றன. ஷ்தூரோவோவுக்கும் ஹங்கேரியின் எஸ்தெர்கோமுக்கும் இடையிலிருந்த மரியா வலேரியா பாலம் 1944-இல் தகர்க்கப்பட்டு, 2001-இல்தான் மீண்டும் கட்டப்பட்டது. அதுவரை அரை நூற்றாண்டுக்கு மேல் எதிர்க்கரைக்குப் போகப் பாலம் இல்லை.

1996-இல் எட்டு மண்டலங்கள் வரையப்பட்டபோது கோடுகள் வடக்கு தெற்காகவே போடப்பட்டன. இதனால் ஜித்னி தீவின் துனாய்ஸ்கா ஸ்த்ரேதா திர்னாவா மண்டலத்திலும், கொமார்னோ நித்ரா மண்டலத்திலும் சேர்ந்தன, எந்த மண்டலத்திலும் ஹங்கேரியர் பெரும்பான்மையாகவில்லை. ஹங்கேரியக் கட்சிகள் இதை அப்போதே எதிர்த்தன. எனவே எட்டு மண்டலங்களை வெறும் அட்டவணையாக ஒதுக்கும் யோசனையை நான் ஏற்கவில்லை. அந்த வரைபடத்தின் பின்னால் ஓர் அரசியல் இருக்கிறது. டான்யூப் ஆற்றின் கப்சீக்கோவோ நீர்மின் அணையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1977-இல் இரு நாடுகளும் ஒப்பந்தமிட்டுத் தொடங்கிய திட்டத்திலிருந்து ஹங்கேரி விலகிக்கொண்டது. 1992-இல் ஸ்லோவாக்கியப் பக்கம் ஆற்றைத் திருப்பி அணையை இயக்கியது. வழக்கு பன்னாட்டு நீதிமன்றம் சென்று, 1997-இல் இரு தரப்பும் தவறியதாகத் தீர்ப்பு வந்தது.

தண்டவாளன்

பொன்னி அக்கா தெற்கைச் சொல்லிவிட்டதால் கிழக்குக் கோடியை நான் சொல்லிவிடுகிறேன். சியெர்னா நத் திசோவ் என்ற சிறு நகரம் முழுக்க முழுக்க இரயிலால் பிறந்தது. 1945-இல் கார்பாத்தியன் உக்ரைன் பகுதி சோவியத் ஒன்றியத்துக்குப் போனதால், அதுவரை சந்திப்பு நிலையமாக இருந்த சோப் எல்லைக்கு அப்பால் சென்றது. இப்பால் ஒரு புதிய மாற்றுநிலையம் தேவைப்பட்டது. சோவியத் தண்டவாளத்தின் அகலம் 1,520 மில்லிமீட்டர், இந்தப் பக்கம் 1,435. ஆகவே ஒவ்வொரு சரக்கையும் இங்கே இறக்கி ஏற்ற வேண்டும். துறைமுகம் செய்யும் வேலையைக் கடலில்லாத நாட்டில் வயல்வெளி நடுவே இவ்வூர் செய்தது. 1968 ஜூலை இறுதியில் செக்கோஸ்லோவாக்கியத் தலைவர் துப்செக்கும் சோவியத் தலைவர் பிரெஷ்னேவும் பேச்சு நடத்தியது இங்குள்ள இரயில் தொழிலாளர் மன்றத்தில்தான். சோவியத் குழுவின் வண்டி இரவானதும் எல்லைக்கு அப்பால் திரும்பிவிடும்.

மாற்றி ஏற்றும் செலவைத் தவிர்க்கவே 1966-இல் உக்ரைன் எல்லையிலிருந்து கோஷிட்சே அருகிலுள்ள ஹனிஸ்கா வரை அகலப்பாதையையே நீட்டிப் போட்டார்கள். 1960-இல் கட்டத் தொடங்கிய கோஷிட்சே இரும்பாலைக்கு உக்ரைனின் தாது அவ்வழியே நேராக வந்தது. அந்த ஆலையால்தான் கோஷிட்சே இன்று ஏறத்தாழ 2,29,000 பேர் வாழும் இரண்டாம் பெருநகரம். ஒரு செய்தியைக் கட்டுரையில் சேர்க்கலாம்: கோஷிட்சேயிலிருந்து பிராத்திஸ்லாவாவைவிடப் புடாபெஸ்ட் அருகில் இருக்கிறது.

யாழிசை

அனைவருக்கும் நன்றி. ஆறுகளின்படி மேற்கிலிருந்து கிழக்காக எழுதி, ஸ்பிஷ், சுரங்க நகரங்கள் ஆகிய இரண்டையும் தனி அத்தியாயங்களாக வைக்கிறேன். 1996-இன் மண்டலப் பிரிவினையைத் தெற்கு பற்றிய அத்தியாயத்தில் பொன்னி சொன்ன முறையில் விளக்குகிறேன். எஞ்சியது ஒரே ஐயம். கார் ஆலைகள் எல்லாம் மேற்கிலேயே இருப்பதற்கும் இந்த நில அமைப்புக்கும் தொடர்பு உண்டா?

கதிரவன்

உண்டு. மக்கள்தொகைக்குக் கணக்கிட்டால் உலகிலேயே மிகுதியாகக் கார் உற்பத்தி செய்வது ஸ்லோவாக்கியாதான். பிராத்திஸ்லாவா, திர்னாவா, நித்ரா, ஜிலினா என்று இயங்கிவரும் நான்கு ஆலைகளும் மேற்கிலும் வாஹ் பள்ளத்தாக்கிலும் அமைந்துள்ளன. ஆஸ்திரியாவுக்கும் செக் நாட்டுக்கும் நெடுஞ்சாலை இணைப்பு அங்கேதான் முதலில் வந்தது. பிராத்திஸ்லாவாவையும் கோஷிட்சேயையும் இணைக்கும் டி1 நெடுஞ்சாலையின் பணி 1970-களிலேயே தொடங்கியும் நெடுங்காலமாக முடியாமல் இழுபட்டுவருகிறது. துரியெத்ஸ் தாழ்நிலத்துக்கும் லிப்தோவுக்கும் நடுவே வாஹ் ஆறு மலையை அறுத்துச் செல்லும் துரனி–ஹுபோவா பகுதி அதன் மிகச் சிக்கலான இடங்களுள் ஒன்று. கிழக்கில் கோஷிட்சே அருகே வலாலிகியில் ஐந்தாவது ஆலைக்கு இடம் தேர்ந்திருக்கிறார்கள். அதன் சரக்குப் போக்குவரத்தை எந்தத் திசையில் திட்டமிடுகிறார்கள் என்று தண்டவாளனைக் கேளுங்கள்.

தண்டவாளன்

ஆலைக்கென்று தனியாக ஓர் இரயில் இணைப்பைத் திட்டத்தில் வைத்திருக்கிறார்கள். சாலை வழியைப் பொறுத்தவரை, கோஷிட்சேயிலிருந்து ஹங்கேரிக்குப் போகும் நெடுஞ்சாலை எல்லை தாண்டி மிஷ்கோல்த்ஸ் வழியாகப் புடாபெஸ்ட் வரை தடையின்றிப் போகிறது. மேற்கே போகும் டி1-க்கு முன்பே தெற்கு வழி முடிந்துவிட்டது.